இலை வாட்டும் மாடியில் ஒரு சரிவுப் பலகை

போன மாதம் அரவேணுவிலிருந்து நித்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குழந்தைகள் தெரபி மையத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். மையத்துக்குப் புதுக் கூடம் எழும்புகிறது. சந்தோஷமாகத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"மேடம், பழைய தரையெல்லாம் பிரிச்சுப் புதுசாப் போடறாங்க. அந்த மரப்பலகைய என்ன பண்றதுன்னு இன்ஜினியர் கேக்கறாருங்க. டீத்தூள் பெட்டி மேல சாய்ச்சு வெச்சிருக்குமே, அதுங்க. சக்கர நாற்காலிக்குத்தான் சிமெண்ட்ல சரிவு தனியாக் கட்டியாச்சே. இது சும்மா எடத்த அடைச்சுட்டு இருக்குதுங்கறாரு. எடுத்துரட்டுங்களா?"

"எடுக்க வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க மேடம்?"

போனில் சொல்லி முடிகிற காரியமா அது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சரஸ்வதி மேடத்தைப் பற்றியும், ரஞ்சனி என்ற குழந்தையைப் பற்றியும், வாங்க ஆளில்லாத டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பிசியோதெரபி படிக்கப் போனபோது, "எண்ணெய் தேய்ச்சு உருவி விடறதுக்கெல்லாமா காலேஜு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. படிப்பு முடிந்து நாலைந்து ஆஸ்பத்திரிகளில் பெரியவர்களின் தோள்பட்டைக்கும் முழங்காலுக்கும் வேலை பார்த்தேன். பிறகு குன்னூரில் ஒரு குழந்தைகள் மையத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொண்டு மலையேறினேன். மையம் என்று சொன்னார்களே தவிர, அது ஒரே ஓர் அறை. இரண்டு பாய், ஒரு கண்ணாடி, சுவரோரமாகப் பொம்மைக் கூடை. அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் சரஸ்வதி மேடம்.

அவர் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. நான் குழந்தையை நிற்க வைத்தால், நின்ற குழந்தை தானே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்ளவும், கரண்டியைப் பிடிக்கவும், தாழ்ப்பாளைப் போடவும் அவர் கற்றுத் தருவார். "நிக்க வெச்சுட்டா ஆச்சா? நின்னு என்ன பண்றது? சாமியாட்ட சும்மா நிக்கறதுக்கா?" என்பார். அதட்டல், நக்கல், அதற்கு நடுவே எப்போதாவது ஒரு பாராட்டு. பாராட்டு வந்த நாளில் எனக்கு மதியச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கும்.

முதல் நாள் நான் ஒரு குழந்தையின் காலைத் தொட்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா பிரேமா, கை ஐஸாட்ட இருக்குது. இந்தக் கையோட தொட்டீன்னா அந்தக் காலு எப்படி இளகும்?"

மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளின் தசை எந்நேரமும் இறுகிக் கிடக்கும். குளிர்ந்த கை பட்டால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். சமவெளியில் படித்த எனக்கு அது பாடத்தில் ஒரு வரி. குன்னூர்க் குளிரில் அதுதான் முதல் பாடம். மேடம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காலையில் ஆவி பறக்கிற டீ டம்ளர் வரும். அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குடிக்க மாட்டார். கை சூடேறியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் இடுப்பைத் தொடுவார். அடுத்து முழங்கால். கணுக்கால் கடைசியில்தான். குழந்தையைத் தாயின் மடியிலிருந்து வாங்கவே மாட்டார். மடியிலேயே வேலை நடக்கும். காலை நீட்டி விடும்போது எண்ணிக்கை சொல்லமாட்டார், மெதுவாக ஏதாவது முனகிக்கொண்டிருப்பார். எண்ணினால் நமக்கு அவசரம் வந்துவிடுமாம். எல்லாம் முடிந்து கை கழுவிய பிறகு, ஆடை படிந்து ஆறிப்போன அந்த டீயை ஒரே மூச்சில் குடிப்பார். அவர் சூடாக டீ குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. குழந்தையை நிறுத்தி, ஒரு துண்டுக் காகிதத்தைக் குதிகாலுக்கு அடியில் மெல்லத் தள்ளிப் பார்ப்பார். இந்தக் குழந்தைகளில் பலர் கெண்டைக்கால் இறுகி, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில்தான் நிற்பார்கள். காகிதம் உள்ளே போனால் குதிகால் இன்னும் இறங்கவில்லை. போகாமல் முட்டி நின்றால் பதிந்துவிட்டது. கண்ணால் பார்த்துச் சொல்லும் எந்த வார்த்தையையும் அவர் நம்பியதில்லை. "காயிதம் போச்சா, போகலையா? அத மட்டும் சொல்லு" என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டீ விலை விழுந்தது. அந்த வருஷங்களை மலையில் வாழ்ந்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். பச்சை இலையைப் பறித்த கூலிக்குக்கூட விற்க முடியாமல் சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் புகை விடுவதை நிறுத்தின. எஸ்டேட்டுகளில் வேலை வாரத்தில் பாதியாகி, பிறகு இல்லாமலே போனது. ஜனங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அறையிலோ கூட்டம் பிதுங்கியது. வேலை இருந்த காலத்தில் எஸ்டேட் பெண்கள் காலை முதல் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். நடக்காத பிள்ளை வீட்டுக்குள்ளேயே கிடக்கும். வேலை போனதும், "டாக்டரம்மா கிட்டக் காட்டலாம்" என்ற நினைப்புக்கு நேரம் கிடைத்தது. இத்தனை நாளாக இவ்வளவு குழந்தைகள் எங்கே இருந்தார்கள் என்று திகைத்துப்போனேன். ஒரு பாயில் மூன்று குழந்தைகள். வாசலில் மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு தாய்மார் வரிசை. பெரிய இடம் வேண்டும். மலையில் எங்கே போவது? இங்கே ஒரு வீட்டின் வாசற்படி இன்னொரு வீட்டின் கூரைக்குச் சமமாக இருக்கும். நீளமான சமதளம் வேண்டுமானால் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்தைத்தான் கேட்க வேண்டும்.

கிடைத்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. அரவேணுவில் போஜ கவுடர் என்ற படகர் ஒருவர் ஃபேக்டரி வைத்திருந்தார். விலை விழுந்ததும் பூட்டிவிட்டார். யாரோ சொல்லி மேடமும் நானும் பார்க்கப் போனோம். அவரே பூட்டைத் திறந்து மரப்படியில் மேலே கூட்டிப்போனார். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடி அது. கதவு திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மரத்தரை. இத்தனை வருஷம் இலைச் சாறு பட்டுப் பட்டு, தேய்த்து மெழுகின மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், நிறைய வெளிச்சம். நடுவே வரிசையாக, குழந்தைகள் நெஞ்சளவு உயரத்தில், இலை பரப்பும் நீளமான மரத்தொட்டிகள். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே சந்து. குழந்தைகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க நாங்கள் இரும்புக் கம்பி வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே அதை யாரோ எங்களுக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது. காலி ஃபேக்டரியிலும் டீ வாசம் போகவில்லை. கோயிலுக்குள் வந்த மாதிரி மேடம் செருப்பைக் கழற்றினார்.

"எடுத்துக்கோங்க மேடம்" என்றார் கவுடர். "மெஷின் சத்தம் இல்லாம எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. பிள்ளைங்க அழுதாலும் சரி, ஏதாவது ஒரு சத்தம் வரட்டும். ஒண்ணே ஒண்ணு. தொட்டிய மட்டும் பிரிக்கக் கூடாது. விலை ஏறுச்சுன்னா நான் திரும்ப ஓட்டணும்."

அப்படித்தான் எங்கள் ஓரறை மையம் அந்த மாடிக்கு வந்தது. கோடியில் ஒரு கழிப்பறை கட்டிக்கொண்டோம். அதன் தாழ்ப்பாளை மேடம் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார். கவுடர் தினமும் காலையில் வீட்டிலிருந்து டீ கொடுத்தனுப்புவார். தானும் வந்து நிற்பார். மேடம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடும். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டார்: "ஏம்மா, எங்க டீக்கு விலைதான் இல்ல. ருசியும் இல்லையா?" கை சூட்டுக்காக என்று நான் விளக்கினேன். தலையாட்டினார். சமாதானம் ஆகவில்லை என்பது தெரிந்தது.

ரஞ்சனி வந்தது அதற்குப் பிறகு. பள்ளியில் சேர்க்கும் வயசு தாண்டியிருந்தது. கண்ணில் அவ்வளவு சூட்டிகை; கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். அவளைத் தூக்கி வந்த தாய் மாரியாயி பக்கத்து எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தாள். சிறுமியாக இருக்கும்போது சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பேச்சில் அந்த ஊர் வாசம் இருந்தது.

முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எஸ்டேட் நின்றுவிட்டது. புருஷன் சிவலிங்கம் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பொங்கல் கழித்து வந்து இவளையும் கூட்டிப் போகப் போகிறான். அங்கே இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. பகலெல்லாம் பிள்ளை தனியாக இருக்க வேண்டும்.

"தானா எழும்பிக் கக்கூசுக்குப் போய் வர ஏலுமெண்டா கூட்டிப் போகலாமாம் டீச்சர். ஏலாட்டிக் கோயம்புத்தூருப் பக்கம் ஒரு விடுதியில விட்டுடுவமெண்டு சொல்லிட்டுப் போயிட்டாரு." சொல்லும்போது மாரியாயி அழவில்லை. பிள்ளையின் காலைத் தன் முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். "நான் ஒரு நாளும் இவளை விட்டு இருந்ததில்ல. தோட்டத்துக்கும் முதுகுல கட்டித்தான் கொண்டு போவேன். கங்காணி ஏசுவாரு. ஏசட்டுமெண்டு விட்டுடுவேன்."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். இடுப்பைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார், கணுக்காலைத் தொட்டார். பிறகு அவளை நிறுத்திக் காகிதத்தைத் தள்ளினார். அது தாராளமாக உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது.

நானும் என்னென்னவோ செய்தேன். வெந்நீர் ஒத்தடம், நீட்டல், தொட்டிச் சந்துக்குள் நிற்கப் பழக்குவது. மாரியாயி ஒரு நாள்கூடத் தவறாமல் பிள்ளையைச் சுமந்து வந்தாள். மேடம் ரஞ்சனிக்குக் கைவேலையைச் சொல்லிக்கொடுத்தார். வெளியே யாரும் பறிக்காமல் காடாகக் கிடந்த செடியிலிருந்து கிளைகளை ஒடித்து வந்து தொட்டியில் செருகி, ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளச் சொல்வார். விரல் நுனி இரண்டும் சேர அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ரஞ்சனி நாக்கைத் துருத்திக்கொண்டு கிள்ளுவாள். மாரியாயி பார்த்துச் சிரிப்பாள்: "கொழுந்து எடுக்கிற வேலைக்கே பேர் போட்டுடலாம் போல, டீச்சர்." தாழ்ப்பாளைக்கூடப் போடவும் திறக்கவும் கற்றுக்கொண்டாள் குழந்தை. ஆனால் தாழ்ப்பாள் வரை யாராவது தூக்கிப் போக வேண்டியிருந்தது. கையை விட்டால் நுனிக்காலில் நின்று, முன்னால் சாய்ந்து, தடாலென்று விழுவாள். அந்த வழவழப்பான தரையில் விழுந்து விழுந்து, அந்தத் தொட்டிச் சந்தைக் கண்டாலே கால் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. கார்த்திகை போய் மார்கழி வந்தது. காகிதம் இன்னும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "பொங்கலுக்குள்ள ஆகாதுங்க மேடம்" என்றேன். மேடம் பாயைச் சுருட்டினார். "நாளைக்கு அந்தப் புள்ள ஊட்டப் போய்ப் பார்த்துட்டு வரலாம் வா" என்றார்.

மறுநாள் காலையில் மூடுபனி கலைந்த பிறகு போனோம். லயத்துக்கு ரோட்டிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் தடம் ஒன்றுதான் வழி. எனக்கு மூச்சு வாங்கியது. மாரியாயி எங்களைக் கண்டதும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே பாதி வழி இறங்கி வந்துவிட்டாள். "ஏன் டீச்சர் இவ்வளவு தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பனே" என்று பதறியவள், முந்தானை அவிழ்ந்துவிட, அதைச் சரிசெய்வதற்காகப் பிள்ளையை இறக்கித் தடத்தில் விட்டாள். எங்களைப் பார்க்கும்படி, பள்ளத்தைப் பார்த்த வாக்கில். ரஞ்சனி இரண்டு பக்கமும் செடியின் பக்கக் கிளைகளைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், எங்க ஊடு அங்க இருக்கு" என்று தலையைத் திருப்பிக் காட்டினாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாரியாயிக்கும் தெரியவில்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தாள். மேடம் மட்டும் அப்படியே ஈரத்தடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கையில் காகிதம் இல்லை. பக்கத்துச் செடியிலிருந்து துளிர் இலை ஒன்றைக் கிள்ளினார். ரஞ்சனியின் குதிகாலுக்கு அடியில் அதைத் தள்ளினார்.

இலை போகவில்லை. மடங்கிக்கொண்டது.

அடுத்த குதிகாலுக்கு இன்னொரு இலை. அதுவும் மடங்கியது.

"பிரேமா" என்றார் மேடம். "நீயும் தள்ளிப் பாரு."

நானும் மண்டியிட்டுப் பார்த்தேன். குதிகால் மண்ணில் பதிந்திருந்தது. விஷயம் இவ்வளவுதான்: பள்ளத்தைப் பார்த்து நிற்கும்போது குதிகால் பக்கம் மேடு, விரல் பக்கம் இறக்கம். இறங்க மாட்டேன் என்கிற குதிகாலைத் தேடி மண்ணே மேலே வந்துவிடுகிறது. இதே கணக்கில்தான் செருப்புக்குள் குதிகால் பக்கம் கட்டை வைத்துக் கொடுப்போம், படித்த பாடம்தான். ஆனால் மலையே அந்தக் கட்டை என்று எனக்குத் தோன்றவில்லை, மேடத்துக்கும் தோன்றவில்லை. மலையில் சமதளம் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போய், மலைப் பிள்ளையை அதில் நிறுத்தி நிறுத்தி விழ வைத்துக்கொண்டிருந்தோம்.

"இப்படி நிறுத்தறது வழக்கமா?" என்று மேடம் கேட்டார்.

"கொழுந்து எடுக்கையில இப்படித்தான் டீச்சர் விடுவன்" என்றாள் மாரியாயி. "கீழ நிண்டு எடுக்கிற என் முகம் தெரியணும் அவளுக்கு. இல்லாட்டி அழுவா. செடியப் புடிச்சிட்டு நிப்பா. ஏன், நிக்க விடக் கூடாதா?"

மேடம் அவள் கையைப் பிடித்து இழுத்து, குனிய வைத்து, குதிகாலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மாரியாயி பிள்ளையின் முழங்காலைத் தடவிப் பார்த்தாள், கணுக்காலைத் தடவினாள், குதிகாலுக்கும் மண்ணுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

அன்று மதியமே மேடம் கவுடரிடம் போய், தொட்டி ஒன்றைப் பிரிக்க வேண்டும் என்று கேட்டார். நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். பிரிக்கக்கூடாது என்பதுதானே அவர் போட்ட ஒரே நிபந்தனை? கவுடர் எதற்கு என்று கேட்டார். மேடம் சொன்னார். பிள்ளை சரிவில் நிற்கிறது, சமதளத்தில் விழுகிறது. போகப்போவது திருப்பூருக்கு, அங்கே எல்லாம் சமதளம். ஆகவே மாடிக்குள் ஒரு சரிவு வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்த வேண்டும். கவுடர் ஜன்னல் வழியாகப் புகையில்லாத தன் புகைபோக்கியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தொட்டி குறைஞ்சா ஓட்ட முடியாதா என்ன? ஓட்டிக்கலாம்" என்றார். ஆசாரியை அவரே கூட்டி வந்தார். ஆசாரி தொட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்து ஒரே நீளப் பலகையாக்கினார்; அதன் மேல் முனைக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் காலி டீத்தூள் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்ததும் அவர்தான்.

நித்யா, மற்ற குழந்தைகளுக்கு நாம் சமதளத்தில் ஆரம்பித்து மேடு ஏறக் கற்றுக்கொடுப்போம். ரஞ்சனிக்கு எல்லாம் தலைகீழ். பலகையின் உச்சியில், இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவோம். கீழே மாரியாயி உட்கார்ந்திருப்பாள், தோட்டத்தில் இருந்த மாதிரியே. குதிகால் பதிந்ததும் அந்தக் காலில் ஒரு நிதானம் வரும் பார், அதை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. முறுக்கு விடும், முழங்கால் நேராகும். பக்கத்துத் தொட்டிகளைப் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்து இறங்குவாள். முழுப்பெட்டியில் நன்றாக இறங்கியதும் அரைப்பெட்டி வைத்தோம். அரைப்பெட்டி பழகியதும் செங்கல். செங்கல்லையும் ஒவ்வொன்றாக உருவினோம். ஒவ்வொரு முறை தாழ்த்தும்போதும் மேடம் காகிதத்தோடு தரையில் குப்புறப் படுத்துப் பார்ப்பார். காகிதம் முட்டி நின்றால்தான் அடுத்த செங்கல் வெளியே வரும். சில நாள் உருவிய செங்கல்லைத் திரும்பச் செருக வேண்டியிருக்கும். ரஞ்சனி விழுவதும் நிற்கவில்லை. ஆனால் விழுந்தால் இப்போது எழுந்து பலகையைப் பார்த்தாள், எங்களைப் பார்க்கவில்லை.

ஒரு மனித உடம்பு தன் பாதத்தைக் கண்டுபிடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகள் வந்தார்கள். பிரமிப்பு ஒரு நாளும் குறைந்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் சிவலிங்கம் வந்தான். நேரே மாடிக்கே வந்துவிட்டான். மெலிந்த ஆள். கதவோரமாக நின்றவன், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. விடுதியில் பேசிவிட்டு வந்திருப்பதாகவும், அடுத்த நாளே பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க எவ்வளவோ செஞ்சிருக்கீங்க மேடம். என்ன செய்ய, எங்களுக்கு வழியில்லிங்க." கல்நெஞ்சுக்காரன் இல்லை அவன்.

பலகையில் நடத்திக் காட்டலாம் என்று நான் எழுந்தேன். மேடம் கண்ணாலேயே உட்கார வைத்தார். அன்றைக்குப் பலகைக்கு அடியில் ஒரு செங்கல் இன்னும் பாக்கி இருந்தது. வெறும் தரையில் துணையில்லாமல் கழிப்பறை வரை ரஞ்சனி அதுவரை போனதே இல்லை. மேடம் டீ டம்ளரைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி சிவலிங்கத்திடம் திருப்பூர் தண்ணீர் எப்படி, வாடகை வீடு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வீடு கீழ்த்தளம்தான், கழிப்பறை வாசலுக்கு எதிரேயே இருக்கிறது என்றான்.

அப்போது ரஞ்சனி, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

மாரியாயி சட்டென்று குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிறந்ததிலிருந்து தூக்கிப் பழகிய கை. மேடம் டம்ளரை வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்; முதல் நாள் என்னைப் பிடித்த மாதிரியே.

"ரஞ்சி, எங்க போகணுமோ போயிட்டு வா சாமி" என்றார்.

ரஞ்சனி தாயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். சந்து முடியும் வரை தொட்டி துணைக்கு வந்தது. அதற்குப் பிறகு வெறும் தரை. அங்கே நின்றுவிட்டாள். கை தொட்டியை விடவில்லை. மாடியில் இருந்த மற்றத் தாய்மாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெரிய மாடியில் எங்கோ ஒரு கண்ணாடி காற்றுக்கு ஆடுகிற ஓசை மட்டும் கேட்டது.

கையை விட்டாள். ஆடினாள். குதிகால் மேலே எழும்பியது, மறுபடி இறங்கியது. இறங்கிய காலில் நின்றுகொண்டு அடுத்த காலை எடுத்தாள். அழகான நடை என்று சொல்லமாட்டேன்; இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். ஆனால் யாரும் பிடிக்காத நடை. கழிப்பறைக் கதவைப் பிடித்தாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சிவலிங்கம் அப்படியே கதவோரத்தில் உட்கார்ந்துவிட்டான். மூடிய அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோருமே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. பாவாடை முன்பக்கம் நனைந்திருக்க, ரஞ்சனி நிலைப்படியில் நின்று, "ஏன் எல்லாரும் பாக்கிறீங்க?" என்று கேட்டாள். வெட்கம் வந்துவிட்டது அவளுக்கு.

"விடுதிக்குச் சொல்லிடுறேன், வரலைன்னு" என்றான் சிவலிங்கம். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை சொன்னான்.

மாரியாயி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வைக்க இடம் தெரியாத கைகள். "வெறுங்கையா இருக்கு டீச்சர்" என்றாள் என்னிடம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் மூவரும் படியிறங்கிய பிறகு மேடம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். மற்றத் தாய்மாரும் போய்விட்டார்கள்; அடுத்த குழந்தை வர இன்னும் நேரம் இருந்தது. கவுடர் எப்போதும்போல ஜன்னலோரம் நின்றிருந்தார். முதலில் வந்த டீ ஆறிவிட்டதால், வீட்டிலிருந்து வேறு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆவி பறக்க வந்தது. மேடம் வழக்கம்போல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே டம்ளரை வாங்கிக்கொண்டார். தொடவேண்டிய கால் எதுவும் எதிரே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்தார். உதட்டுக்குக் கொண்டுபோய் ஊதினார், உறிஞ்சினார். சூட்டில் முகம் சுளித்தார், மறுபடி உறிஞ்சினார்.

"ஏனுங்க கவுடரே" என்றார். "உங்க டீ இவ்வளவு நல்லா இருக்குமுங்களா?"

வாங்க ஆளில்லாமல் ஃபேக்டரியையே பூட்டியவர் அவர். வேட்டி நுனியால் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பனி எல்லாம் வெளிப்பக்கத்தில் இருந்தது; அவர் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.